குழந்தையை நோக்கக் கற்பித்த மாண்டிசோரி அம்மையார்

விண்மீனை நோக்கியவர் பலர். புழு பூச்சிகளின் வாழ்வை நோக்கி நூல் எழுதினாரும் பலர். அவரையெல்லாம் உலகம் அறிஞர் எனப் போற்றுகின்றது. ஆயின், நம் கண்முன்னே தவழ்ந்தும் நடந்தும் திரியும் குழந்தையை அவ்வாறு நோக்கினார் எத்துணையர்? குழந்தையைக் கொஞ்சினோம், அதட்டினோம், அதன் வாயிற் பாடங்களைத் திணித்தோம். அஃது என் செய்கின்றது, ஏன் செய்கின்றது என்று வாளாவிருந்து பார்த்தோமில்லை. இப்பெருங்குறையை நீக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர்தம் வரலாற்றினை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவர் விரும்பியது பொறியியல். பின்னர் வைத்தியக் கல்வியில் மனம் பற்றினார். அக்காலத்து இத்தாலியில் வைத்தியம் பயின்ற மாதர் மிகச் சிலரே. ஆடவரோடு கூடியிருந்து பிரேதங்களை அறுத்துப் பார்த்தல் பெண்ணுக்குத் தகாதெனக் கருதப்பட்டமையால், மாணவரெல்லாம் அகன்ற பின்னர் அவர் தனித்திருந்து அத்தொழிலைப் பயின்றார். 1896-இல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் மனநோய் மருத்துவப் பகுதியிற் பணிபுரிந்தார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அந்நாளில் பித்தரோடு ஒருங்கே அடைக்கப்பட்டிருந்தனர். விளையாட ஒரு பொருளும், கையாற் பற்ற ஒரு கருவியும் இன்றி அவர்கள் வாடுவதை அம்மையார் கண்டார். அவர்தம் தேவை மருந்தன்று, கல்வியே என்று தெளிந்தார். பிரான்ஸ் தேசத்து இத்தார், செகுவான் என்னும் வைத்தியர் இருவரின் நூல்களைத் தேடிக் கற்றார். இத்தார் என்பவர், காட்டில் தனித்துத் திரிந்து 1800-இல் மக்களிடை வந்த ஒரு சிறுவனை நாள்தோறும் உற்றுநோக்கி, கண்டவற்றைக் குறித்து வைத்தவர். 1900-இல் தோன்றிய பயிற்சிப் பள்ளியொன்றில் அம்மையார் இம்முறைகளைக் கையாண்டார். அவரிடம் பயின்ற குழந்தைகளிற் சிலர் ஏனைய பிள்ளைகளோடு ஒப்பத் தேர்வில் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுடைய குழந்தைகள் இவ்வளவு முன்னேறக்கூடுமாயின், குறையற்ற குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வெண்ணம்.

விடை காணும் வாய்ப்பு 1907 ஜனவரி 6-ஆம் நாள் வாய்த்தது. அது சாஸ்திரிகள் பாலகரைக் காணவந்த திருநாள். ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோப் பகுதியில், ஒரு பெருங்கட்டடத்தின் ஓர் அறையில், குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்குதலைத் தடுக்கவேண்டும் என்பதே கட்டடத்தாரின் நோக்கம். ஐம்பதின் மேற்பட்ட சிறுவர் அங்குக் கூடினர். அம்மையாருக்கோ அவ்வறை ஒரு சோதனைச்சாலை ஆயிற்று.

அங்கு அவர் கண்டவற்றுட் சிலவற்றைக் கூறுவாம். மூன்று வயதளவான ஒரு சிறுமி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தும் பார்த்தார். அவளோ கட்டையை மடியில் ஏந்திக்கொண்டு, நாற்பது முறைக்கு மேல் அச்செயலையே செய்து, பின்னர் இன்துயில் நீங்கினாள்போல முகமலர்ச்சியுடன் நிமிர்ந்தாள். சிறு பிள்ளைகளின் மனம் ஒன்றில் நில்லாது என்பது அதுவரை எல்லாரும் நம்பிய கொள்கை. ஒரு சிறுமி அதனைப் பொய்யாக்கினாள்.

மற்றொரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்த ஆசிரியை காலந்தாழ்த்து வந்தாள். குழந்தைகள் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே எடுத்துக்கொண்டு அமைதியாய்ப் பணி செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டாகப்பட்டது. அம்மையாருக்கோ அஃது ஒரு விடையாகப்பட்டது. அதன்பின் அலமாரிகள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்தே வைக்கப்பட்டன.

பிறிதொருநாள் கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கும் முறையை அவர் பொறுமையாய்க் கற்பித்தார். சிரிப்பர் என்று எதிர்பார்த்திருக்க, பிள்ளைகள் கைகொட்டி ஆரவாரித்தனர். இதன் பொருள் யாது? மூக்கொழுகுவதற்காக அவர்களை ஏசினார் பலர்; இழிவுபடுத்தாது கற்பித்தார் ஒருவருமிலர். குழந்தைக்கும் மானம் உண்டென்பதை அம்மையார் அன்று கண்டார்.

இவையெல்லாம் தற்செயலாய்க் கிட்டியன அல்ல. உற்றுநோக்கலுக்கு அவர் வகுத்த நெறிகள் சில உள. முதலாவது, நோக்கப்படும் உயிர் உரிமையோடு இயங்கவேண்டும். பெஞ்சிலே கட்டுண்ட பிள்ளையிடம் கட்டினையன்றி இயல்பினைக் காணல் இயலாது. இரண்டாவது, நோக்குவோர் தம் கையையும் வாயையும் அடக்கப் பழகவேண்டும். மூன்றாவது, கண்டதனைக் காலத்தோடு குறிக்கவேண்டும். குழந்தைகளின் வேலையை மணிக்கணக்கிற் குறித்து அவர் கோடுகளாக வரைந்தார். காலை பத்துமணியளவில் வகுப்பிற் சலசலப்பு எழுவதும், அதனைக் களைப்பென்று கருதி ஆசிரியர் தலையிட்டால் வேலை கெடுவதும், விட்டுவிட்டால் முன்னினும் ஆழ்ந்த முயற்சி தொடங்குவதும் அக்கோடுகளால் விளங்கின. இதனை அவர் பொய்க்களைப்பு என்றார்.

1909-இல் அவர்தம் நூல் வெளிவந்தது. புகழ் கடல் கடந்தது. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் அமைத்த வகுப்பொன்று நடைபெற்றது. மக்கள் வெளியே அமர்ந்து குழந்தைகளின் பணியைக் கண்டனர். எதிர்ப்பும் எழாமலில்லை. அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1914-இலேயே இம்முறையைக் குறைகூறி நூல் எழுதினார். ஒப்புநோக்க வேறொரு குழுவின்றித் தாம் அமைத்த இடத்தில் தாமே கண்டதைக்கொண்டு பொதுவிதி கூறலாமோ என்னும் வினாவும் நேரியதே. நோக்கல் ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம்பெற்ற பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு, முன்னவர் சிலவற்றில் மேம்பட்டிருத்தலைக் காட்டிற்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், கண் கண்டது அளவையால் ஆராயப்பெற்றது.

அம்மையாரின் வாழ்வில் ஒரு துயரும் உண்டு. 1898-இல் மணவாழ்க்கைக்குப் புறம்பே அவர் ஒரு மகனை ஈன்றார். ஊரார் பழிக்கும், தொழில் இழப்புக்கும் அஞ்சவேண்டிய காலம் அது. குழந்தை மரியோ நாட்டுப்புறத்திற் பிறர் வீட்டில் வளர்ந்தான். ஊரார் பிள்ளைகளை அல்லும் பகலும் நோக்கிய கண்கள் தம் பிள்ளையின் மழலைப் பருவத்தை நோக்கப் பெறவில்லை. பதினைந்து வயதளவில் அன்னையை அடைந்த மரியோ, பின் அவர்தம் இறுதிவரை உடனிருந்து உழைத்தான். இதனைக் கொண்டு அம்மையாரை இகழவோ புகழவோ நாம் துணியோம். அவர் ஏற்ற பணியின் விலை எத்துணையென அறிதல் போதும்.

முசோலினி ஆட்சியோடு முரண்பட்டு 1934-இல் இத்தாலியை நீங்கினார். 1936-இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவினின்றும் துரத்தியது. 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறு வந்து, ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரிற் புகவே, ஆங்கில அரசினர் மரியோவைக் காவலில் வைத்தனர். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில் விடுதலை செய்தனர். பின்னர்க் கோடைக்கானலிற் சில ஆண்டுகள் தங்கிப் பல வயதுப் பிள்ளைகளை ஒருங்கே நோக்கினார். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து தேசத்தில் நோர்ட்விக் என்னும் கடற்கரையூரில் உயிர் நீத்தார்.

நம்முள் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருக்கின்றோம். கையிற் பாடநூலும் வாயிற் பேச்சும் நமக்கு எளிதிற் கிட்டும். எழுதுகோலுடன் ஒரு மூலையில் அமர்ந்து, ஒரு பிள்ளை செய்வதை அரைமணி நேரம் தடுக்காது பார்த்திருக்கும் பொறுமை கிட்டுதல் அரிது. அப்பொறுமையைப் பயின்ற பின்னரே, நாம் யாருக்குக் கற்பிக்கின்றோம் என்பது நமக்குத் தெரியவரும்.