காணி உறுதியும் குடிசனக் கணக்கும்: சேர். பொன்னம்பலம் அருணாசலம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே, சுவாமி அறைக்கு அருகே ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். அதனுள் மஞ்சள் நிறமேறிய காணி உறுதிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நம்மவருள் தம் பூட்டனாரின் பெயரை வாய்மொழியாகச் சொல்ல வல்லவர் மிகச் சிலரே. ஆனால் உறுதி சொல்லும். முதுசமாக வந்த நிலமெனில் அதைக் கொண்டிருந்த முன்னோரின் பெயரும், சீதனமாக வந்ததெனில் பெண்ணின் பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். கிறிஸ்தவ குடும்பத்தாருக்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் உண்டு. மிஷன் கல்லூரியிற் படித்த காலத்தில் அத்தகைய புத்தகம் ஒன்றை நான் பார்த்து வியந்ததுண்டு. சைவ குடும்பத்தாருக்கோ, பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்காவதற்கு முன், ஒல்லாந்தர் எழுதிய தோம்பையும் இந்த உறுதிகளையும் விட்டால் வேறு சான்று அரிது.

இக்காகிதங்களுக்குக் காவலாய் இருந்தவருள் முதன்மையானவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். அரசியல் தலைவராக அவரை அறிந்தோர் பலர். பதிவுக் கந்தோரில் அவர் செய்த பணியை அறிந்தோர் சிலரே.

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் மானிப்பாய் வழிவந்த வாசல் முதலியார் பொன்னம்பலம். சேர். முத்துக்குமாரசுவாமி தாய்மாமன்; சேர். இராமநாதன் தமையனார். கொழும்பு அக்கடமியிலும், பின்னர் கேம்பிறிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் கற்றார். 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. நீதிபதியாய்ப் பல ஊர்களிலும் கடமையாற்றியபோது காணி வழக்குகளை அவர் நிரம்பக் கண்டார். ஒரு தென்னந்தோட்டத்தில் எட்டிலொரு பங்கு, அந்தப் பங்கில் மூன்றிலொன்று எனப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உரிமை கோரி நிற்பர். உறுதி தொலைந்தாலோ, பொய்யுறுதி ஒன்று தோன்றினாலோ ஏழையின் நிலம் பறிபோயிற்று!

1887இல் தேசாதிபதி சேர். ஆதர் கோர்டன், சேவையில் மூத்தவர் ஏறக்குறைய முப்பதின்மர் இருக்க, அருணாசலத்தைப் பதிவாளர் நாயகமாகவும் மேல்மாகாணப் பிஸ்கலாகவும் பதிற்கடமை பார்க்க நியமித்தார். மூத்தவர்கள் முறையிட்டனர். அக்கந்தோரோ அப்போது சீர்கெட்டுக் கிடந்தது. நிலத்தைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசு முன் முடிக்கப்பட வேண்டுமென 1840ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிகளின் பதிவுக்கு வழிசெய்திருந்தது. சட்டம் இருந்தும் பயனென்ன, புத்தகத்தில் ஒழுங்கில்லையேல்? அருணாசலம் அந்தத் திணைக்களத்தைத் திருத்தியமைத்தார். கடன்காரரின் பிடியிற் சிக்கியிருந்த இலிகிதர்களை மீட்க ஒரு சகாய நிதியையும் ஏற்படுத்தினார். கடன்பட்ட இலிகிதனே கைக்கூலிக்கு இளகுவான் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

காணிப் பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கம் நிரம்பினால் எப்புத்தகத்தில், எப்பக்கத்தில் தொடர்கிறதென்ற குறிப்பு இருக்கும். அக்குறிப்புகளைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால், விற்றவர், கொண்டவர், நன்கொடை கொடுத்தவர் என்று ஒரு குடும்பமே படிப்படியாக எழுந்து வரும். இறந்தவரின் மரண சாசன வழக்கேட்டையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உறுதியிற் பெயர் ஏறாத பிள்ளைகளும் அகப்படுவர்.

1901இல் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. மார்ச் 1ஆம் நாள் இரவு எடுத்த அக்கணக்கில் இலங்கையின் சனத்தொகை 35,65,954. அதன் அறிக்கையை வெறும் எண்களின் மூட்டையாக விடாது, நாட்டின் வரலாறும் சமயமும் சாதியும் தொழிலும் கூறும் பெருநூலாக அவர் ஆக்கினார். எனினும் முன்னோரைத் தேடுபவர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கரைநாட்டுச் சிங்களவரும் கண்டிச் சிங்களவரும் அக்கணக்கில் வேறாகப் பிரிக்கப்பட்டனர். தமிழரோ ஒன்றாகவே எண்ணப்பட்டனர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு 1911ஆம் ஆண்டுக் கணக்கில்தான் வந்தது. எனவே 1901ஆம் ஆண்டுத் தொகையை மட்டும் வைத்துத் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களைப் பிரித்தறிய இயலாது.

மக்களை இனவாரியாக எண்ணிய அதே கை, 1919இல் எல்லா இனத்தாரையும் கூட்டி இலங்கைத் தேசிய காங்கிரசை அமைத்தது. அதன் முதல் தலைவர் அருணாசலமே. மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகக் கொடுத்த வாக்கு காக்கப்படாதபோது, 1921இல் மனம் நொந்து வெளியேறினார். அறுபத்தெட்டாம் வயதில், தாம் எழுப்பிய வீட்டைத் தாமே விட்டுப் போவது எளிதாயிருந்திராது. 1923இல் இலங்கைத் தமிழர் மகாசன சங்கத்தைத் தோற்றுவித்தார்.

சமூக சேவைச் சங்கம், தோட்டத் தொழிலாளர் நலன், பல்கலைக்கழகம் வேண்டி 1906 முதல் நடத்திய இயக்கம் ஆகியவற்றைத் தனியே எழுதவேண்டும். அவர் கேட்ட பல்கலைக்கழகம் 1942இல் உருவாயிற்று. பேராதனையில் மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்க யாத்திரை சென்றவர், 1924 சனவரி 9ஆம் நாள் மதுரையில் சிவபதமடைந்தார்.