நம்ம ஊர் கருங்கல்லுக்குப் பெயர் வைத்தவர்

செய்யூர்ப் பக்கத்துக்காரனுக்குக் கருங்கல் ஒன்றும் புதுசு இல்லை. கட்டடப் பொறியாளன் ஆன பிறகும் முக்கால் இன்ச் ஜல்லியா, ஒன்றரை இன்ச்சா, எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் பார்த்தேனே தவிர, இந்தக் கல் எப்படி உண்டானது என்று கேட்கத் தோணவே இல்லை. அதைக் கேட்டவர் சர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட்.

1868-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில், 1693-இல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் பதித்த கல்லும் நம்ம பல்லாவரத்துக் கல்லும் ஒரே இனம் என்று கண்டார். 1893-இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். பரங்கிமலை, சேர்வராயன், நீலகிரி எல்லாம் இந்தக் குடும்பமே என்று 1900-இல் விரிவாக எழுதினார். பூமிக்கு ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல இறுகிய பாறை என்பது அவர் முடிவு.

1903 முதல் 1910 வரை துறையின் இயக்குநர். பின்பு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கும் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் தலைமை வகித்து, 1947-இல் காலமானார்.

அவர் போனாலும் வழக்கு முடியவில்லை. கர்நாடகத்தின் கப்பல் என்ற ஊரில் சாதாரண நைஸ் பாறையே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை 1960-இல் பிச்சமுத்து எடுத்துக்காட்டினார். அதாவது உருகாமலே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிய பாறை! இன்றைக்கு இரண்டு வழியிலும் உண்டாகும் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் ஆழத்தில் வெந்த இந்தப் பாறைகள் மேலே வந்து, தென்னகத்தின் பழைய மலைப்பட்டை ஆனது எப்படி? கர்நாடகம் முதல் இங்கே வரை ஒரே நிலத்தட்டு, தெற்குப் பக்கம் தூக்கிக்கொண்டு அடிப்பாகம் வெளியே தெரிகிறது என்பது ஒரு கட்சி. தனித்தனி நிலத்துண்டுகள் மோதி ஒட்டியவை, பாலக்காடு–காவிரிப் பிளவு அப்படி ஒரு தையல், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் ஒரு கடல் அங்கே மூடியது என்பது எதிர்க்கட்சி. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஹாலண்ட் சொன்ன விடை பாதிதான் நின்றது; அவர் கேட்ட கேள்வி நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளே! பரீட்சைக்கு விடை முக்கியம்தான். ஆனால் அடுத்த முறை கல் குவாரிப் பக்கம் போனால், ஜல்லியைக் கையில் எடுத்து ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்.