போரில் பிடித்த கணவாயை சாஸ்திரி ஏன் திருப்பிக் கொடுத்தார்?

அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று 1956-ல் ரயில்வே அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தவர். லால் பகதூர் சாஸ்திரின்னா நமக்கு முதல்ல நினைவுக்கு வர்றது இதுதான். ஆனால், பிரதமராக இருந்த 19 மாதங்களில் இரண்டு முறை பாகிஸ்தானுடன் எல்லைச் சிக்கலைப் பேசித் தீர்க்க முயன்றவரும் அவர்தான்.

யார் இவர்?

1904 அக்டோபர் 2-ல் முகல்சராயில் பிறந்தார். இரண்டு வயதாகும் முன்பே அப்பாவை இழந்தார். நேரு மறைவுக்குப் பின் 1964 ஜூனில் பிரதமரானார். சீனப் போரில் பட்ட அடி ஆறாத நேரம் அது.

கட்ச்: முதல் சோதனை

1965 ஏப்ரலில் குஜராத்தின் ரண் ஆஃப் கட்ச் பகுதியில் இரு நாட்டுப் படைகளும் மோதின. பிரிட்டன் சமரசம் பேச, ஜூன் 30-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேசித் தீராவிட்டால் மூன்று பேர் கொண்ட தீர்ப்பாயம் முடிவு செய்யும். அதை இருவரும் ஏற்க வேண்டும். ஆளுக்கு ஒருவரை நியமிக்கலாம், ஆனால் அவர் இந்தியராகவோ பாகிஸ்தானியராகவோ இருக்கக் கூடாது.

1968-ல் வந்த தீர்ப்பில், சர்ச்சைக்குரிய நிலத்தில் சுமார் 90% இந்தியாவுக்குக் கிடைத்தது. உள்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியும் இந்தியா தீர்ப்பை ஏற்றது.

தாஷ்கண்ட்: கடினமான முடிவு

கட்ச் ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், 1965 ஆகஸ்டில் காஷ்மீருக்குள் பாகிஸ்தான் ஊடுருவல்காரர்களை அனுப்பியது. போர் மூண்டது. ஊடுருவலுக்கு வழியாக இருந்த ஹாஜி பீர் கணவாயை இந்தியா பிடித்தது. சம்ப் உள்ளிட்ட சில இந்தியப் பகுதிகள் பாகிஸ்தான் வசம் போயின.

சோவியத் பிரதமர் கோசிகின் அழைப்பில், 1966 ஜனவரியில் இரு தரப்பும் தாஷ்கண்டில் சந்தித்தன. சாஸ்திரி முன் இருந்த சிக்கல் இதுதான்: ஹாஜி பீரை விடமாட்டோம்னா, சம்ப்பும் திரும்பாது. ஜனவரி 10-ல் அவரும் அயூப் கானும் கையெழுத்திட்டனர். பிப்ரவரி 25-க்குள் இரு படைகளும் ஆகஸ்ட் 5-க்கு முந்தைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

சில மணி நேரத்தில், மாரடைப்பால் சாஸ்திரி இறந்தார். அவரது உடலைச் சுமந்தவர்களில் அயூப் கானும் ஒருவர். ஹாஜி பீரைக் கொடுத்ததை எதிர்த்து மத்திய அமைச்சர் மகாவீர் தியாகி பதவி விலகினார். ஆனாலும் படைகள் சொன்ன தேதியில் திரும்பின.

மிச்சம் என்ன?

கட்ச்சில் யாருக்கு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கே விடை கிடைத்தது. அதனால் அங்கே கோடு நிலைத்தது. தாஷ்கண்டில் படைகள் பின்வாங்கின. காஷ்மீர் கேள்வி அப்படியே நின்றது. ஆறு ஆண்டுக்குள், 1971-ல், அடுத்த போர். நம்பிக்கை பேச்சைத் தொடங்கி வைக்கும். சிக்கலைத் தீர்க்க அது மட்டும் போதாது.