மலையேறாத பாஸ்கல்

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில், அணைந்த எரிமலைகளின் அருகே கிளெர்மோன் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிளேஸ் பாஸ்கல் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்த அவரைத் தந்தை எதியேன் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். முதலில் மொழிகளைக் கற்கட்டும் என்று கருதி, கணித நூல்களை மகனின் கண்ணில் படாமல் வைத்திருந்தார். சிறுவனோ தரையில் கரியால் வடிவங்கள் வரைந்து, வடிவியல் உண்மைகளைத் தானே தேடத் தொடங்கினான். அதைக் கண்ட தந்தை மனம் மாறினார். பின்னர் ரூவான் நகரில் வரிக் கணக்குகளோடு போராடிய தந்தைக்கு உதவப் பாஸ்கல் கணக்கிடும் பொறி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதே.

அந்நாளில் அறிஞர்களைக் குழப்பிய வினா ஒன்று இருந்தது. உறிஞ்சு குழாய்கள் கிணற்று நீரை ஏறத்தாழ பத்து மீட்டருக்கு மேல் ஏற்ற மறுத்தன. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, ஆகவே நீர் மேலேறி அதை நிரப்புகிறது என்பதே பழைய விளக்கம். அப்படியானால் அந்த வெறுப்பு பத்து மீட்டரோடு தீர்ந்துவிடுவானேன்? இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி வேறு வகையில் எண்ணினார். பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், குழாயிலுள்ள பாதரசம் ஏறத்தாழ 76 செண்டிமீட்டர் உயரத்திற்கு இறங்கி நின்றுவிடும். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், கிண்ணத்தை அழுத்தும் காற்றின் எடையே அதனைத் தாங்குகிறது என்பது அவர் கருத்து.

இச்செய்தி ரூவானை எட்டியது. அங்கே கண்ணாடித் தொழில் சிறந்திருந்தது பாஸ்கலின் நற்பேறு. மிக நீண்ட குழாய்களைச் செய்வித்து, கப்பலின் பாய்மரத்தில் கட்டி நிறுத்தி, ஒன்றில் நீரையும் மற்றொன்றில் திராட்சை மதுவையும் கொண்டு பலர் முன்னிலையில் சோதித்தார். மதுவிலிருந்து ஆவி மிகுதியாக எழும், அது மதுவைக் கீழே தள்ளும் என்று கூடியிருந்தோர் எதிர்பார்த்தனர். மதுவோ நீரைவிடச் சற்று உயரமாகவே நின்றது. நீரைவிட மது எடை குறைந்தது என்பதே காரணம். ஆயினும் குழாயின் உச்சியில் இருப்பது வெற்றிடமன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்பொருள் என்று ரெனே தெக்கார்த் போன்ற பெரியோர் வாதிட்டனர்.

வாதத்தைத் தீர்க்கப் பாஸ்கல் ஒரு வழி கண்டார். காற்றுக்கு எடை உண்டெனில், மலையுச்சியில் நமக்கு மேலே உள்ள காற்று குறைவு. அங்கே பாதரசம் தாழ வேண்டும். மலையுச்சியில் மட்டும் இயற்கை வெற்றிடத்தைக் குறைவாக வெறுக்கும் என்று எவரும் கூற இயலாது. ஆனால் பாஸ்கல் அப்போது பாரிசில் இருந்தார். அங்கே மலை இல்லை. மலை இருந்தாலும் ஏற அவர் உடல் இடந்தரவில்லை. இருபத்து நான்கு வயதிலேயே ஊன்றுகோலின்றி நடக்க இயலாத நிலைக்கு நோய் அவரைத் தள்ளியிருந்தது. தம் வாழ்வின் முதன்மையான சோதனையைப் பிறரிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1647 நவம்பரில், கிளெர்மோனில் வாழ்ந்த தமக்கை கில்பெர்த்தின் கணவர் ஃபுளோரின் பெரியேவுக்கு (நம் உறவுமுறையில் அத்தான்) மடல் எழுதினார்.

பணிச்சுமையாலும் பனியாலும் பத்துத் திங்கள் கடந்தன. 1648 செப்டம்பர் 19 அன்று காலை வானம் தெளிந்தது. ஊரார் சிலரைச் சான்றாக அழைத்துக்கொண்ட பெரியே, முதலில் துறவியர் மடத்துத் தோட்டத்தில் அளந்தார். பாதரசம் ஏறத்தாழ 71 செண்டிமீட்டர் நின்றது. ஒரு குழாயை அங்கேயே விட்டு, நாள் முழுவதும் கண்காணிக்குமாறு ஒரு துறவியை வேண்டினார். பின்னர் ஏறத்தாழ 1000 மீட்டர் மேலே உள்ள புய் தெ தோம் உச்சியில் அளந்தபோது 63 செண்டிமீட்டரே நின்றது! வியப்படைந்தவர்கள் ஐயம் நீங்க, உச்சியின் வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை அளந்தனர். மாற்றமில்லை. கீழே காவலிருந்த குழாயிலும் நாள் முழுவதும் மாற்றமில்லை. அந்தக் கீழ்க்குழாயையே நான் பெரிதும் மதிக்கிறேன். அது இல்லையெனில் வானிலையே மாறியிருக்கும் என்று எவரும் எளிதில் மறுத்திருப்பர்.

முடிவறிந்த பாஸ்கல் பாரிசில் ஓர் உயர்ந்த கோபுரத்திலும் சோதித்தார். சிறிய உயரத்திற்குச் சிறிய வேறுபாடு தெரிந்தது. காற்றுக்குப் பொருந்தியதை நீர்மங்களுக்கும் விரித்தார். மூடிய கலத்திலுள்ள நீரின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று காட்டினார். சிறிய துளையில் ஒருவர் அழுத்தினால், நூறு மடங்கு பரப்புள்ள துளையில் நூறுபேர் அழுத்தும் விசை கிடைக்கும். இன்று ஊர்திகளைத் தூக்கும் நீரியல் பொறிகளின் அடிப்படை இதுவே. பொருள்கள் மிதப்பதையும் அவ்வாறே விளக்கினார். ஆழம் மிகுந்தால் அழுத்தம் மிகும். ஆதலால் மூழ்கிய பொருளின் மேற்புறத்தை நீர் அழுத்துவதைவிட அடிப்புறத்தை மிகுதியாகத் தள்ளுகிறது. அந்த மிகுதியே மேல்நோக்கு விசை. பொருளின் எடை அவ்விசையைவிடக் குறைந்தால் அது மேலெழும், கூடினால் மூழ்கும்.

இவற்றையெல்லாம் இரண்டு சிறு நூல்களாக எழுதிய பாஸ்கல், அச்சிடாமலே வைத்துவிட்டார். அவர் மனம் இறைநெறியில் ஆழ்ந்தது, நோயும் விடவில்லை. 1662 ஆகஸ்ட் 19 அன்று, 39ஆம் வயதில் பாரிசில் மறைந்தார். மறு ஆண்டு அந்நூல்கள் அச்சேறின. முன்னுரை எழுதியவர், அவருக்காக மலையேறிய பெரியே.