தன் அதிகாரத்துக்குத் தானே எல்லை வகுத்த அமீர்

குவைத்தில் வேலை பார்த்துவிட்டு நம் மஞ்சூர் பக்கம் திரும்பி வருபவர்கள், அந்நாட்டுத் தீனாரின் மதிப்பைச் சொல்லி வியப்பார்கள். அந்தத் தீனாரை அறிமுகம் செய்து, நாட்டையும் விடுதலைக்கு அழைத்துச் சென்ற ஷேக் அப்துல்லாஹ் அஸ்ஸாலிம் அஸ்ஸபாஹ் அவர்களை நம்மில் பலர் அறிந்ததில்லை.

1895-இல் பிறந்த அவருக்கு நான்கு வயது இருக்கும்போது, பாட்டனார் ஷேக் முபாரக், உஸ்மானியரின் பிடியில் சிக்காமல் இருக்க ஆங்கிலேயருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். அவர்களுடைய சம்மதமின்றி வேறு நாட்டுக்கு நிலம் கொடுப்பதில்லை, அயல் தூதரை ஏற்பதில்லை என்பது நிபந்தனை. பதிலுக்குக் கிடைத்தது 15,000 ரூபாய். நம் ரூபாயேதான்! அன்று வளைகுடா விவகாரங்களைப் பிரிட்டிஷ் இந்திய அரசே கவனித்தது. குவைத் கடைவீதியிலும் ரூபாய்தான் புழங்கியது. அவர்களுடைய மரக்கலங்களுக்கு, நம் மலைக்கு மேற்கே உள்ள மலபாரிலிருந்து தேக்கு போனது.

1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து, குவைத்தின் முத்துக்குளிப்புத் தொழில் நொடித்தது. ஆட்சியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வணிகர்கள் கேட்டார்கள். 1938-இல் 14 பேர் கொண்ட மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஷேக் அப்துல்லாஹ். அன்றைய அமீர் ஷேக் அஹ்மத் அவருடைய பெரிய தந்தையின் மகன். சொந்தக் குடும்பத்தின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சபைக்கு அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே தலைவர்! சில மாதங்களிலேயே மஜ்லிஸ் கலைக்கப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

1950-இல் அவரே அமீரானார். அடுத்த ஆண்டே எண்ணெய்க் கம்பெனியுடன் பேசி, லாபத்தில் சரிபாதியை நாட்டுக்குப் பெற்றார். அந்தப் பணம் பள்ளிக்கூடங்களாகவும் மருத்துவமனைகளாகவும் ஆனது. படகில் குடிநீர் வாங்கி வந்த ஊருக்கு, 1953-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதே ஆண்டு, வருங்காலத் தலைமுறைக்காக எண்ணெய் வருமானத்தை முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியமும் அமைந்தது.

1961 ஏப்ரலில் ரூபாய்க்குப் பதிலாகத் தீனார் வந்தது. ஜூன் 19-இல், பாட்டனார் செய்த ஒப்பந்தத்தைப் பேரனே முடித்து வைத்தார். குவைத் சுதந்திர நாடானது. ஆறே நாளில், குவைத் தங்களுக்கே சொந்தம் என்றார் இராக்கை ஆண்ட அப்துல் கரீம் காசிம். அமீர் ஆங்கிலேயப் படையின் உதவியை நாட வேண்டியதாயிற்று. பின்னர் அரபு லீக் படைகள் வந்து அந்த இடத்தை நிரப்பின. 1963 மே மாதம் ஐ.நா.வில் குவைத் உறுப்பினரானது.

விடுதலை பெற்ற கையோடு எல்லா அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்ட ஆட்சியாளர்கள் பலர். இவரோ அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்தினார். அச்சபை கொடுத்த அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தமும் செய்யாமல் 1962 நவம்பரில் கையெழுத்திட்டார். அதிகாரங்களின் ஊற்று மக்களே என்று அச்சட்டம் சொன்னது. 1963 ஜனவரியில் 50 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஆண் குடிமக்களுக்கு மட்டுமே அன்று வாக்கு. பெண்கள் 2005 வரை காத்திருந்தார்கள். உழைக்க வந்த அயல்நாட்டவருக்கு அதில் இடமே இல்லை. அவருக்குப் பின் நாடாளுமன்றம் பலமுறை கலைக்கப்பட்டது. 2024-இல் சட்டத்தின் சில விதிகளே நிறுத்தி வைக்கப்பட்டன.

1965 நவம்பர் 24-இல் அவர் வஃபாத்தானார். 40 ஆண்டுகள் கழித்து, 2006 ஜனவரியில் அவருடைய மகன் ஷேக் ஸஅத் அமீரானார். கடும் நோயால் அவரால் ஆட்சி நடத்த இயலவில்லை. தந்தை உருவாக்கிய நாடாளுமன்றமே வாக்களித்து மகனைப் பதவியிலிருந்து விடுவித்தது. வாள் உருவப்படவில்லை, இரத்தம் சிந்தவில்லை.

ஷூரா என்ற பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் உள்ள சமுதாயம் நாம். பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகம் முதல் நாட்டின் அரியணை வரை, பதவியில் இருப்பவர் தன்னையும் தன் பிள்ளையையும் கேள்வி கேட்க ஒரு சபையை விட்டுச் செல்கிறாரா என்பதே உரைகல். ஷேக் அப்துல்லாஹ் விட்டுச் சென்றார். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக!