கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயரும் அவர் விட்டுச்சென்ற சொத்தும்

பினாங்குக்குச் செல்லும் நம்மவர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத்தாவது தொழாமல் திரும்புவதில்லை. அந்தப் பள்ளியின் பெயருக்குரிய மனிதர் யார், அவருக்குப் பின் அவர் சொத்து என்ன ஆனது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறிந்திருக்கவில்லை. பொன்விழா காணும் நம் சங்கத்தின் மலரில் அந்த வரலாற்றைப் பதிவு செய்ய விரும்புகிறோம். நாங்கள் ஆலிம்களும் அல்லர், வழக்கறிஞர்களும் அல்லர், கடை நடத்துகிறவர்கள். கடைக்காரர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்கிறோம்.

பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏற்றியதற்குப் பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து நம் முன்னோர்கள் கப்பல் கப்பலாக அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். துணி, மிளகு, பாக்கு என்று வாணிபம் செய்தவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அதில் அடக்கம். அந்தக் கூட்டத்தில் உயர்ந்து நின்றவர்தான் மர்ஹூம் காதர் முகைதீன் மரைக்காயர். வணிகர், நிலபுலன் உடையவர்.

கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தென்னிந்தியச் சமூகத்தின் கப்பித்தானாக நியமித்தது. அந்நாளில் கப்பித்தான் என்பது வெறும் பட்டமல்ல. தம் சமூகத்தாரின் சிறு வழக்குகளையும் சச்சரவுகளையும் தீர்த்து வைப்பது அவர் பொறுப்பு. 1801-இல் பள்ளிவாசல் கட்டுவதற்குக் கம்பெனி நிலம் வழங்கியது. இன்று சூலியா தெரு எனப்படும் சாலையை ஒட்டிய அந்த இடத்தில் பள்ளி எழுந்தது. பள்ளியோடு கபர்ஸ்தானும் குடியிருப்புகளும் சேர்ந்து, நம்மவர்களுக்கு அந்நிய மண்ணில் ஒரு ஊர் உருவாயிற்று. கப்பித்தான் 1834-இல் வஃபாத்தானார். அவர் கபுர் பள்ளிக்கு அருகே கம்போங் கோலத்தில் இருக்கிறது.

இதுவரை பலரும் சொல்லும் கதை. நாங்கள் சொல்ல வந்தது இதற்குப் பின் நடந்தது.

கப்பித்தானின் மகன் முகமது நூர்தீன், பினாங்கின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக விளங்கினார். நூர்தீன் தெரு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. அவர் உயில் எழுதி வைத்துவிட்டே மறைந்தார். ஆனாலும் குடும்பத்தில் வழக்கு எழுந்தது. ஃபாத்திமா எதிர் லோகன் என்ற அந்த 1871-ஆம் ஆண்டு வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. 1807-இல் வந்த நீதி சாசனத்தின்படி பினாங்கில் ஆங்கிலச் சட்டமே செல்லும் என்றது நீதிமன்றம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதக் கூடாது என்ற ஷரீஅத் வரம்பு அங்கே எடுபடவில்லை. அதே சமயம், காலாகாலத்துக்கும் கந்தூரி நடத்த அவர் ஒதுக்கிய சொத்தோ, ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் தர்மம் அல்ல என்று தள்ளுபடியானது. சில ஆண்டுகளில் பினாங்குச் சீனக் குடும்பம் ஒன்று முன்னோர் வழிபாட்டுக்கு ஒதுக்கிய சொத்துக்கும் இதே கதி நேர்ந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினால், எழுதியவரின் நிய்யத் காகிதத்தோடு நின்றுவிடும்.

பள்ளியின் வக்ஃபு நிலங்களுக்கும் சோதனை வந்தது. தலைமுறைகள் மாற மாற, கணக்கு காட்டும் பழக்கம் தளர்ந்தது. நிர்வாகம் சீர்கெட்டது. இப்படிப்பட்ட முறைகேடுகளைச் சரிசெய்யவே அரசு 1905-இல் இஸ்லாமிய, இந்து அறநிலையச் சட்டம் கொண்டுவந்து ஒரு வாரியத்தை அமைத்தது. அதன் பின்னரே பள்ளி, கட்டடக் கலைஞர் நியூப்ரோனரின் கைவண்ணத்தில் இன்று நாம் காணும் குவிமாடங்களோடு விரிவடைந்தது. நிலமும் பணமும் முன்பும் இருந்தன. பொறுப்பாகக் கணக்குப் பார்க்க ஆள் வந்த பிறகுதான் அவை பயன்பட்டன.

நம் ஜொகூர் மண்ணோடு தொடர்புள்ள இன்னொரு உதாரணமும் உண்டு. பொந்தியான் பக்கம் குக்குப்பில் பெருந்தோட்டம் வைத்திருந்த சையது முகமது அல்சகாஃப் விட்டுச்சென்ற வக்ஃபிலிருந்துதான் சிங்கப்பூரின் அல்சகாஃப் மதரஸா 1912-இல் உருவானது. அது இன்றும் நடக்கிறது.

இன்று நம் நிலைமை அந்நாளைவிட எவ்வளவோ மேல். முஸ்லிம்களின் சொத்துக்கு ஷரீஅத்தே அடிப்படை. வாரிசுப் பங்குகளைச் ஷரீஅத் நீதிமன்றம் சான்றிதழாகத் தருகிறது. ஜொகூரில் வக்ஃபுக்கு ஒரே பொறுப்பாளர் மாநில இஸ்லாமிய சமய மன்றம். வழிகள் தெளிவாகவே உள்ளன: மையித்துச் செலவும் கடனும் முதலில், பிறகு, வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒன்று வரை வஸிய்யத், மீதி ஃபராயிழ். உயிரோடிருக்கும்போதே கொடுக்க நினைப்பதை ஹிபாவாக முறைப்படி ஒப்படைக்கலாம். ஊழியர் சேமநிதியில் நாம் பெயர் கொடுத்தவர் முஸ்லிமைப் பொறுத்தவரை அந்தப் பணத்துக்கு உரிமையாளர் அல்லர்; வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. இது பல வீடுகளில் தெரிவதில்லை.

ஆனாலும் மூவாரிலும் பத்து பகாட்டிலும் ஜொகூர் பாருவிலும், மவுத்தாகிப் பல வருடமான பாட்டனார் பெயரிலேயே இன்னும் கிராண்ட் கிடக்கும் வீடுகளை நாங்கள் பார்க்கிறோம். வாப்பா உயிரோடு இருக்கும்போது சொத்துப் பேச்சு எடுப்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். பிள்ளைகள் கேட்கவில்லையே என்று வாப்பாவும் இருந்துவிடுகிறார். பங்கு கேட்டால் காக்கா முகம் மாறுமே என்று லாத்தாமார் வாய் திறப்பதில்லை. கடைசியில் விதவையான உம்மாவும் பெண்மக்களும்தான் காத்திருக்கிறார்கள்.

மூத்தவர்களிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் சிறியது. கடன் எவ்வளவு, யாருக்கு, கிராண்ட் எங்கே, கடை லைசென்ஸ் யார் பெயரில், உழைப்பும் முதலும் யாருடையது, கொடுக்க வேண்டிய மஹர் பாக்கி உண்டா? இவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டார் எல்லாரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஷரீஅத் அறிந்த ஒருவரிடம் கொண்டுபோய் முறைப்படுத்துங்கள்.

கப்பித்தானின் பள்ளியில் 200 ஆண்டுகளுக்கு மேலாக ஐவேளை பாங்கு ஒலிக்கிறது. அவர் வழிவந்தவர்களின் வழக்கு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு முன்னதைப் போன்ற நன்மை கிடைக்கவும், பின்னதைப் போன்ற வழக்கு நேராதிருக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.