தூரிகை ஏந்திய காவலர்

மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தொல்பொருள்கள் ஒரு நாட்டின் வரலாற்றுச் சான்றுகள். அவை அந்நாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எளிதாக ஏற்கப்படவில்லை. அக்கருத்தைச் சட்டமாக்கவும் செயலாக்கவும் உழைத்தவர் துருக்கிய ஓவியர் உஸ்மான் ஹம்தி பே.

உதுமானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் 1842ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை இப்ராகிம் எத்கெம் பாஷா, பின்னாளில் பேரரசின் தலைமை அமைச்சராக உயர்ந்தவர். சட்டம் பயில 1860இல் பாரிசு சென்ற உஸ்மான் ஹம்தியின் உள்ளம் ஓவியத்தை நாடியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கேயே தங்கி அக்கலையில் தேர்ந்தார். 1867இல் நடைபெற்ற பாரிசு உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்களும் இடம்பெற்றன. தாயகம் திரும்பியபின் அரசுப் பணிகள் பல ஆற்றினார்.

1881ஆம் ஆண்டு பேரரசின் அருங்காட்சியக இயக்குநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1874ஆம் ஆண்டுச் சட்டம், அகழ்ந்தெடுப்போர் கிடைத்த பொருள்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெற வழிசெய்திருந்தது. நிலவுரிமையாளருக்கும் ஒரு பங்கு உண்டு. இதனால் நிலத்தை விலைக்கு வாங்கி அகழ்ந்த அயல்நாட்டார் இரு பங்குகளை எடுத்துச் சென்றனர். பெர்கமோன் நகரப் பலிபீடத்தின் சிற்பங்கள் பெர்லினைச் சென்றடைந்த காலம் அது. இந்நிலையை மாற்ற, 1884இல் புதிய சட்டம் வந்தது. தொல்பொருள்கள் யாவும் அரசின் உடைமை. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லுதல் கூடாது என அது வரையறுத்தது.

1887இல் இன்றைய லெபனானில் உள்ள சிடோன் நகரில், நிலத்தடி அரச கல்லறைகளை அவரே முன்னின்று அகழ்ந்தார். சிற்பங்கள் நிறைந்த பளிங்கு ஈமப்பேழைகள் பல அங்குக் கிடைத்தன. பெரும் எடையுள்ள அவற்றைச் சுரங்கவழி அமைத்து வெளிக்கொணர்ந்து, கப்பலேற்றி இஸ்தான்புல் சேர்த்தார். மாமன்னர் அலெக்சாந்தரின் போர்க்காட்சி செதுக்கப்பட்டுள்ளதால் ‘அலெக்சாந்தர் ஈமப்பேழை’ எனப்படும் பேழையும் அவற்றுள் ஒன்று. அவற்றைக் காட்சிப்படுத்த எழுப்பப்பட்ட புதிய கட்டடம் 1891இல் திறக்கப்பட்டது.

சட்டம் இருந்தும் அரண்மனையின் விருப்பத்தை அவரால் எப்போதும் தடுக்க இயலவில்லை. இன்றைய ஜோர்தானில் இருந்த முஷத்தா அரண்மனையின் சிற்ப முகப்பை, அவருடைய எதிர்ப்பையும் மீறி, சுல்தான் ஜெர்மானியப் பேரரசருக்குப் பரிசாக அளித்தார். அத்தோல்விக்குப் பின்னும் அவர் பணியிலிருந்து விலகவில்லை.

பொறுப்புகளுக்கு இடையிலும் தூரிகையை அவர் கைவிட்டதில்லை. 1883இல் திறக்கப்பட்ட நுண்கலைப் பள்ளியின் முதல் இயக்குநராக விளங்கி, இளைய ஓவியர்களை உருவாக்கினார். 1906இல் தீட்டிய ‘ஆமைப் பயிற்றுநர்’ அவருடைய ஓவியங்களுள் பெரும்புகழ் பெற்றது. செந்நிற அங்கி அணிந்த முதியவர் ஒருவர், புல்லாங்குழலைப் பின்புறம் பற்றியவாறு, தம் காலடியில் ஊரும் ஆமைகளை நோக்கி நிற்கிறார். மெல்ல நகரும் சமூகத்தை மாற்ற முயல்வோரின் பொறுமையை அதில் காண்போர் பலர்.

1910ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் வகித்த பொறுப்பை இளவல் ஹலில் எத்கெம் ஏற்றார். சிடோனின் ஈமப்பேழைகள் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இன்றும் காட்சியளிக்கின்றன.